அற்புதம் அன்று, அப்பியாசம்

தில்லியில் ரிங் ரோடு வழியாகப் பேருந்தில் போகிறவர்களுக்கு மோதி பாக் என்றதும் முதலில் கண்ணில் படுவது அங்குள்ள குருத்துவாராவின் வெண்ணிறக் குவிமாடங்களே. 1707-ஆம் ஆண்டில் குரு கோவிந்த சிங் இவ்விடத்தில் தங்கியிருந்தபோது, செங்கோட்டையில் இருந்த பகதூர் ஷாவுக்குத் தம் வருகையை அறிவிப்பதற்காக இங்கிருந்தே அம்பொன்றை எய்தார் என்றும், அது அவருடைய ஆசனத்தின் காலருகே போய்த் தைத்தது என்றும், அதைக் கண்டு அவர் தெய்விக அற்புதமென வியந்துகொண்டிருக்கையில் இரண்டாவது அம்பு ஒரு சீட்டைச் சுமந்துகொண்டு வந்தது என்றும், இது அற்புதம் அன்று, வில்வித்தையின் தேர்ச்சியே என்பதுதான் அச்சீட்டின் சாரம் என்றும் சீக்கியர்களிடையே ஓர் ஐதீகம் வழங்கிவருகிறது. சரித்திர ஆராய்ச்சியாளர்கள் இக்கதையை எப்படி எடைபோட்டாலும் போடட்டும். குறி பார்க்கும் கலையைப் பற்றி எழுதப் புகுந்தவனுக்கு அந்த இரண்டாவது அம்பைவிடச் சிறந்த பாயிரம் கிடைப்பது அரிது.

இதே தில்லியின் தென்கோடியில், துக்ளகாபாதில், 1982 ஆசிய விளையாட்டுக்காக அமைக்கப்பட்டு இன்று டாக்டர் கர்ணி சிங் பெயரைத் தாங்கி நிற்கும் துப்பாக்கி சுடும் தளம் இருக்கிறது. அங்கே நடைபெறும் பிரிவுகளுள் வேகத்துக்கும் மனத்தின் ஏகாக்கிரதைக்கும் ஒருங்கே பரீட்சை வைப்பது ஆண்களுக்கான 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டல். வரிசையாக ஐந்து இலக்குகள். இலக்குக்கு ஒரு தோட்டா. தகுதிச் சுற்றில் அந்த ஐந்தையும் முதலில் 8 விநாடியிலும், பிறகு 6 விநாடியிலும், கடைசியில் 4 விநாடியிலும் சுட்டு முடிக்க வேண்டும். இவ்வாறாக மொத்தம் 60 தோட்டாக்கள். இறுதிச் சுற்றிலோ எப்போதும் 4 விநாடிதான், 9.7 புள்ளிக்குக் குறையாமல் பட்டால் ஒன்று, இல்லையேல் பூஜ்யம். பச்சை விளக்கு எரியும்வரை கை 45 பாகைக்கு மேல் உயராமல் கீழே தாழ்ந்திருக்க வேண்டும் என்பதையும் இத்துடன் சேர்த்துக்கொண்டால் சங்கடம் முழுவதும் விளங்கும்.

இந்த 4 விநாடியைச் சற்றுப் பிரித்துப் பார்ப்போம். கையை உயர்த்தி, துப்பாக்கியின் முனையிலுள்ள முன்குறியைக் கண்ணில் வாங்கி, முதல் தோட்டாவை அனுப்ப ஒருவருக்கு 1.6 விநாடி ஆகிறதென்று வைத்துக்கொண்டால், எஞ்சிய நான்குக்கும் தலா 0.6 விநாடி கிடைக்கும்; முதல் தோட்டாவுக்கே 2 விநாடி ஆகிவிட்டாலோ மற்றவற்றுக்கு அரை விநாடிதான். ஆகவே வேகம் வேண்டுமென்று விரலை விரைவாக இழுக்கப் பழகுகிறவர் தவறான இடத்தில் வேகத்தைத் தேடுகிறார். கை உயரும் பாதை ஒவ்வொரு முறையும் மயிரிழை பிசகாமல் ஒன்றாக இருப்பதிலும், கை மேலே வந்து சேரும்போதே டிரிக்கரின் மீதுள்ள அழுத்தத்தில் பாதி முடிந்திருப்பதிலும், அடுத்த இலக்குக்குக் கண் முந்திச் செல்ல, இடுப்பிலிருந்து மேலுடல் முழுதும் ஒரே துண்டாகத் திரும்பிக் கையை அங்கே கொண்டு சேர்ப்பதிலுமே அந்த வேகம் ஒளிந்திருக்கிறது.

இதற்கு நம் நாட்டிலேயே சிறந்த உதாரணம் இருக்கிறது. இமாசலப் பிரதேசத்தைச் சேர்ந்தவரும் அப்போது ராணுவத்தில் சுபேதாராக இருந்தவருமான விஜய் குமார், 2010 காமன்வெல்த் விளையாட்டில் இந்தத் துக்ளகாபாத் தளத்திலேயே மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் பெற்றார். இரண்டு ஆண்டுகள் கழித்து லண்டன் ஒலிம்பிக்கில் ரேபிட் ஃபயரில் வெள்ளி வென்றார். கியூபாவின் லெயூரிஸ் புபோ 34, விஜய் குமார் 30, சீனாவின் டிங் ஃபெங் 27 என்பது அன்றைய இறுதிக் கணக்கு. ஐந்து தோட்டா கொண்ட ஒரு தொடருக்கு 4 விநாடியாக எட்டுத் தொடர்கள். ஆக, அவருடைய துப்பாக்கிக்கு அந்த இறுதிச் சுற்றில் கிடைத்த காலம் மொத்தமே 32 விநாடி.

ஆனால் அந்த 32 விநாடியை மட்டும் பார்ப்பவர் ஆட்டத்தில் பாதியைத்தான் பார்க்கிறார். தயாராகும்படி கட்டளை பிறந்ததும் சிவப்பு விளக்கு எரிகிறது. அதன்பின் சில விநாடி கழித்தே பச்சை வருகிறது. அந்நேரம் முழுதும் கையைத் தாழ்த்திக்கொண்டு வெறுமனே நிற்க வேண்டும். அதுவும் போதாதென்று, இறுதிச் சுற்றில் ஒருவர்பின் ஒருவராகச் சுடுவதால், போட்டியாளரின் வெடிச்சத்தத்தையும் அதற்கு எழும் கரகோஷத்தையும் காதில் வாங்கிக்கொண்டே தம் முறைக்காகக் காத்திருக்கவும் வேண்டும். மனத்தின் யுத்தம் நடப்பது இந்தச் சிவப்பு விளக்கின் கீழேதான். முந்தைய தொடரில் தவறிய தோட்டாவையோ, பதக்க மேடையையோ எண்ணுவதற்கு அந்தச் சில விநாடி தாராளமாகப் போதும். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, முன்குறி எங்கே வந்து நிற்கப்போகிறது என்பதை மட்டும் உள்ளுக்குள் ஒருமுறை கண்டுகொள்ளவும் அதே சில விநாடி போதும். பச்சை எரிந்த பிறகு சிந்திக்க நேரமில்லை; ஆகையால் சிந்தனை என்று ஒன்று உண்டானால் அது அதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். ஏகாக்கிரதை என்று நாம் பெரிய பெயரிட்டு அழைப்பது இவ்வளவுதான்.

ஒலிம்பிக்குக்கு வெளியே, 1976-இல் அமெரிக்காவின் கொலம்பியா நகரில் உருவான சர்வதேசக் கூட்டமைப்பின் கீழ் வளர்ந்துவரும் பிராக்டிகல் பிஸ்டல் போட்டிகளில் இந்த உண்மை இன்னும் அப்பட்டமாகத் தெரியும். அங்கே காலத்துக்கு வரம்பு கிடையாது. பெற்ற புள்ளிகளைச் செலவான விநாடிகளால் வகுத்து வருவதே மதிப்பெண். சிறிய ரகத் தோட்டாவுக்கு நடுவட்டாரத்தில் பட்டால் 5, அடுத்ததில் 3, முற்றிலும் தவறினால் 10 அபராதம். பன்னிரண்டு தோட்டாவையும் நடுவில் பதித்து 8 விநாடி எடுத்துக்கொண்டவர் 60-ஐ 8-ஆல் வகுத்து 7.5 பெறுகிறார். ஒரு விநாடி முந்திக்கொண்டு, இரண்டை மட்டும் சற்று விலக விட்டவருக்கு 56-ஐ 7-ஆல் வகுக்க 8 கிடைக்கிறது. அதே 7 விநாடியில் ஒன்றே ஒன்றை முழுதாகத் தவறவிட்டவருக்கோ 45-தான் மிஞ்சும், வகுத்தால் 6.43. வேகத்துக்கு விலை உண்டு, அந்த விலை சில வேளை மலிவு, சில வேளை கொள்ளை என்பதை இதைவிடத் தெளிவாக எந்த விளையாட்டும் சொல்லிக்கொடுக்காது. எந்த இலக்கில் நிதானம், எந்த இலக்கில் துணிவு என்பதை ஆட்டம் தொடங்குமுன் களத்தைச் சுற்றி நடந்து பார்க்கும் சில நிமிஷங்களிலேயே தீர்மானித்துவிடுகிறவர்தான் அங்கே ஜயிக்கிறார். ஓடிக்கொண்டே கணக்குப் போடுகிறவர் தோற்கிறார்.

அப்பியாசம் என்பதும் இதனால் பெரும்பாலும் சத்தமில்லாத காரியமே. தோட்டாக்கள் விலை மிகுந்தவை. ரேஞ்சோ தூரத்தில் இருக்கிறது. தோட்டாக்களை வேறோர் அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, காலிப் பிஸ்டல்தானா என்று இருமுறை சோதித்தபின், சுவரில் ஒட்டிய ஐந்து கறுப்புப் புள்ளிகளை நோக்கிக் கையை உயர்த்துவதும் தாழ்த்துவதுமாகப் பழகும் ‘டிரை’ பயிற்சிக்கு மோதி பாக் குடியிருப்பின் ஒரு சிற்றறை தாராளம். வெடிச்சத்தமும் உதைப்பும் இல்லாத அந்தத் தனிமையில்தான் டிரிக்கரை இழுக்கும்போது முன்குறி அசைகிறதா என்பதை ஒருவன் தன்னிடமே ஒளிக்க முடியாமல் காண்கிறான். முதலில் கடிகாரமின்றி, பிசகின்றி உயர்த்தப் பழக வேண்டும். பிசகு நீங்கிய பின்பே கடிகாரம். இந்தக் கிரமத்தைத் தலைகீழாக்கினால் பிசகுதான் வேகமாகும்.

ஹங்கேரி ராணுவத்தைச் சேர்ந்த கரோலி டகாச் 1938-இல் வெடிகுண்டு விபத்தில் தம் வலக்கையை இழந்தார். துப்பாக்கியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு ஆரம்பப் பாடத்திலிருந்து மறுபடி தொடங்கி, 1948-இல் லண்டனிலும் 1952-இல் ஹெல்சிங்கியிலும் இதே ரேபிட் ஃபயரில் ஒலிம்பிக் தங்கம் பெற்றார். இரு கையாலும் எய்ய வல்ல அர்ஜுனனைச் சவ்யசாசி என்று போற்றும் நமக்கு இவரைப் புரிந்துகொள்வதில் சிரமம் இராது. வேகம் கையில் பிறப்பதாயிருந்தால் அது வலக்கையோடே போயிருக்க வேண்டும் அல்லவா? நம் மனு பாக்கரும் டோக்கியோவில் பிஸ்டல் பழுதினால் விலையுயர்ந்த நிமிஷங்களை இழந்து வெறுங்கையோடு திரும்பியவரே. 2024-இல் பாரிஸில் இரண்டு வெண்கலம் பெற்றதோடு, 25 மீட்டரில் நான்காவதாகவும் வந்தார்.

ஆண்கள் ரேபிட் ஃபயரில் 2018-இல் கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் விளையாட்டில் பதினைந்தே வயதான அனீஷ் பன்வாலா தங்கம் வென்றிருக்கிறார். ஆகவே திறமைக்குப் பஞ்சமில்லை. எனினும் விஜய் குமாருக்குப் பின் ரியோ, டோக்கியோ, பாரிஸ் மூன்றிலும் இப்பிரிவில் நமக்கு ஒலிம்பிக் பதக்கம் கிட்டவில்லை. பயிற்சியாளர்கள் மாணவர்களின் நோட்டுப் புத்தகத்தில் மொத்தப் புள்ளியை மட்டும் எழுதாமல், முதல் தோட்டா எத்தனை விநாடியில் புறப்பட்டது என்பதையும், சிவப்பு விளக்கின்கீழ் மனத்தில் என்ன ஓடிற்று என்பதையும் அன்றன்றே எழுதிவைக்கச் சொல்ல வேண்டும். அதற்குப் புதிய தளமும் வேண்டாம், புதிய துப்பாக்கியும் வேண்டாம். ஒரு பென்சில் போதும்.