விளையாட்டைப் பார்த்துக்கொண்டிருக்க ஒருவர்

வடசென்னையின் மீன்பிடித் துறைமுகப் பகுதியான காசிமேட்டில் பிள்ளைகளுக்கு மீன் ஏல விளையாட்டை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. அங்கன்வாடியின் பிளாஸ்டிக் கூடை மீன்கூடையாகிவிடும், கட்டைகள் மீனாகிவிடும், ஒருவன் விலை கூவுவான். நான்கு வயதுக்காரன் ஒருவன் எல்லாக் கட்டைகளையும் அள்ளி மடியில் வைத்துக்கொண்டால் ஏலம் நின்றுபோகும், மற்றவர்கள் எழுந்து போய்விடுவார்கள். ஆட்டம் வேண்டுமென்றால் அவன் கூடையைத் திருப்பி வைத்தாக வேண்டும். ‘இப்ப நீ கூவு, அடுத்து நான்’ என்று பேசித் தீர்க்க வேண்டும். பொறுமையும் விட்டுக்கொடுத்தலும் இங்கே உபதேசமாக வரவில்லை. ஆட்டமே அவற்றைக் கேட்டு வாங்குகிறது. ஏற்ற வேடத்தின் விதிக்குக் குழந்தை தானாகவே கட்டுப்படுவதால்தான் பாவனை விளையாட்டில் தன் வயதை மீறி நடந்துகொள்கிறது என்றார் ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி.

அந்த வகையில், நம் தமிழ்நாட்டு அங்கன்வாடிகளுக்கான ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ பாடத்திட்டம் சரியான இடத்தில்தான் தொடங்குகிறது. சிலேட்டையும் மனப்பாடத்தையும் பின்னுக்குத் தள்ளி, கதை, பாட்டு, பொம்மை, குழு விளையாட்டு ஆகியவற்றை முன்பருவக் கல்வியின் மையத்தில் வைத்தது பெரிய காரியம். வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில் இருப்பதும் குறையல்ல. ஐந்து வயது அக்காவைப் பார்த்து மூன்று வயதுத் தம்பி கற்பது ஏராளம். எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கம் வேலைக்கு வந்த வெளிமாநிலக் குடும்பத்துப் பிள்ளைக்கோ, தமிழ் வருவதற்கு முன்பே தோழமை கிடைக்கும் ஒரே வழி விளையாட்டுதான்.

குறை நடைமுறையில் இருக்கிறது. ‘கூட்டு விளையாட்டு’ என்றதும் வட்டமாக நிறுத்தி டீச்சர் பாட, பிள்ளைகள் கைதட்டும் காட்சிதான் பல இடங்களில் மிஞ்சுகிறது. உற்சாகமான காட்சிதான், ஆனால் அதில் பிள்ளைகள் பேசித் தீர்க்க வேண்டியது எதுவுமில்லை. சண்டை வந்தாலோ, ‘அவனுக்குக் குடு, ஷேர் பண்ணு’ என்று பொம்மையைப் பிடுங்கி மாற்றிக் கொடுத்து ஒரே நொடியில் முடித்துவிடுகிறோம். மூன்று வயதுப் பிள்ளையிடம் அப்படிக் கேட்பது நியாயமும் இல்லை. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியே ஆடும் கட்டத்தைத் தாண்டித்தான் பிள்ளைகள் கூடி ஆடும் கட்டத்துக்கு வருகிறார்கள் என்பதை ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் 1932-லேயே எழுதிவிட்டார். பிடுங்கிக் கொடுத்தால் பிள்ளை கற்பது ஒன்றே ஒன்று: பலமுள்ளவர் எடுத்துக்கொள்ளலாம் என்பது.

இதற்காக டீச்சரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சண்டையை உடனே நிறுத்தாமல் அருகில் உட்கார்ந்து, ‘ரெண்டு பேருக்கும் லாரி வேணும், என்ன செய்யலாம்?’ என்று கேட்டுக் காத்திருக்க நேரம் வேண்டும். 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம், ஒரு மையத்துக்கு ஒரு பணியாளரையும் ஓர் உதவியாளரையும் வைத்துச் சத்துணவு, தடுப்பூசி, கர்ப்பிணிகள் கவனிப்பு, முன்பருவக் கல்வி என எல்லாவற்றையும் அவர்கள் தலையில் ஏற்றியது. 2021 முதல் ‘போஷன் டிராக்கர்’ செயலியும் சேர்ந்துகொண்டது. ஆயா சமையலில் இருக்க, டீச்சர் எடை பார்த்துச் செல்போனில் பதிவு செய்யும் அதே நேரத்தில்தான் அந்த லாரிச் சண்டை நடக்கிறது.

இடமும் இல்லை. 30 பிள்ளைகளுக்கு 35 சதுர மீட்டர் அறையும் வெளியே குறைந்தது 30 சதுர மீட்டர் வெளியும் வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டின் தேசிய முன்பருவக் கல்விக் கொள்கை. கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலையை ஒட்டிய நெருக்கடியான தெருக்களில் இது எட்டாத அளவு.

பெற்றோரின் கேள்வியும் உண்டு: ‘விளையாடத்தான் வீட்லயே விளையாடுதே, ஏபிசிடி எப்போ?’ 2019-இல் 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கப்பட்டது இந்த ஏக்கத்துக்கான பதில்தான். ஏக்கம் நியாயமானது, அதை ஏளனம் செய்யக் கூடாது. ஆனால் முறைக்காகக் காத்திருக்கவும் கேட்டதை நினைவில் வைக்கவும் பழகாத பிள்ளைக்கு எழுத்தும் சுமையாகவே தெரியும் என்பதை அவர்களிடம் யாராவது உட்கார்ந்து விளக்க வேண்டும்.

பாடத்திட்டத்தை மறுபடி திருத்தி எழுத அவசியமில்லை. முன்பருவக் கல்வியை மட்டும் பார்க்க ஒவ்வொரு மையத்துக்கும் இன்னொருவரை அரசு நியமிக்க வேண்டும். தாய் மீன் விற்கவும் தந்தை துறைமுகத்துக்கும் போய்விடும் ராயபுரம், எண்ணூர்ப் பகுதிகளில் அதை முதலில் செய்ய வேண்டும்.