நாயும் கையறுநிலையும்

நாய் செத்ததைப் பற்றிக் கவிதை எழுதுவது சுலபம். அநேகமாக எல்லாமே மோசமாக இருப்பதற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கடந்த நாலைந்து வருஷங்களில், நண்பர்கள் வாசித்துக் காட்டியதும் தபாலில் அனுப்பியதுமாக, தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாயின் சாவைப் பற்றி ஏராளமாகப் படித்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் ஒரே ஜாடை. மழை, சாக்கடை ஓரம் ஒரு குட்டி, அதை நோக்கி நீளும் ஒரு கை. அப்புறம் பத்து வருஷ விசுவாசம். அப்புறம் டாக்டர், ஊசி, துணியில் சுற்றிய உடல். கடைசி வரியில் ஆணியில் தொங்கும் வெறும் சங்கிலி. எழுதியவர்களின் துக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. என் சந்தேகமெல்லாம் அந்தக் கையின் மீதுதான். செத்தது நாய். ஆனால் வாசித்து முடித்த பிறகு மனதில் நிற்பது எடுத்த கை.

இந்த நாய்களுக்குத் தமிழில் ஒரு பெயர் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ‘மீட்பு நாய்’ என்று சிலர் எழுதுகிறார்கள். அப்படிச் சொன்னால், இடிந்த கட்டடத்துக்குள் மோப்பம் பிடித்து ஆளை மீட்கிற நாய் என்றுதான் தமிழ்க் காது புரிந்துகொள்ளும். மீட்பது நாயா, மீட்கப்பட்டது நாயா என்று தொகை சொல்லாது. இது மொழியின் குறை என்று எனக்குத் தோன்றவில்லை. காப்பாற்றியது யார் என்ற விஷயத்தில் மொழி அவசரப்படாமல் இருக்கிறது. அவசரப்படுகிறவர்கள் கவிஞர்கள்.

நம்மிடம் கையறுநிலை என்று ஒரு துறை உண்டு. கொடுத்தவன் செத்தபோது வாங்கியவன் பாடுவது அது. அதியமான் செத்தபோது ஔவை, பாரி செத்தபோது கபிலர். வாங்கியவன் பாடுவதால் அங்கே புகழ்ச்சிக்கு ஒரு தார்மீகம் இருக்கிறது. தனக்கு வந்ததைச் சொல்கிறான், தன் கையிலிருந்து போனதை அல்ல. எடுத்து வளர்த்த நாயின் விஷயத்தில் இது தலைகீழ். சோறு போட்டவன் உயிரோடு இருக்கிறான். சோறு தின்றது போய்விட்டது. வங்கியில் வேலை பார்ப்பவனுக்கு இந்த நிலைமை வேடிக்கையாகவே படும். கடன்காரன் செத்துவிட்டான் என்று கடன் கொடுத்தவன் ஒப்பாரி வைக்கிறான். வைக்கிற சாக்கில் எவ்வளவு கொடுத்தேன் என்ற கணக்கையும் இடையிடையே வாசிக்கிறான். நம் நாய்க் கவிதைகளின் அமைப்பு இதுதான். இரங்கற்பாவின் உடையில் ஒரு சுயபுராணம்.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. புறநானூற்றில் 245ஆம் பாட்டு, சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை தன் மனைவி இறந்தபோது பாடியது. அவன் அரசன், கொடுக்கிறவன், உயிரோடு மிஞ்சியவன். மனைவியின் குணங்களைப் பட்டியல் போட அவனுக்கு எல்லா சௌகரியமும் இருந்தது. அவன் போடவில்லை. துக்கம் எவ்வளவு பெரிதானாலும் தன்னைக் கொல்லும் அளவுக்குப் பெரிதாக இல்லையே, தான் இன்னும் உயிரோடுதானே இருக்கிறோம் என்பதை மட்டும் பார்க்கிறான். தன் துக்கத்தின் அளவைத் தானே நிர்தாட்சண்யமாக அளந்து, அது போதவில்லை என்கிறான். உயிரோடு மிஞ்சியவனின் கவிதைக்கு நம் மொழியில் இதைவிட நேர்மையான முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை. நாயை இழந்தவன் ஔவையிடம் போக வேண்டாம், மாக்கோதையிடம் போகலாம்.

நாய்க்கு நாம் கல்லே நட்டிருக்கிறோமே என்று ஒரு நண்பர் சொன்னார். உண்மைதான். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கப் போய்ச் செத்த கருந்தேவக்கத்திக்காக நட்டது. அவனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்ற அதன் பெயரும், அது கள்ளரைக் கடித்துக் காத்து நின்ற செய்தியும் தனியாக வெட்டப்பட்டிருக்கின்றன. ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது; அந்த ஊரில் அன்று வாழ்ந்த பெண்களில் எத்தனை பேருடைய பெயர் தெரியும்?

இன்னொரு கல் கர்நாடகத்தில், மாண்டியா மாவட்டத்து ஆதகூரில் கிடைத்தது. இப்போது பெங்களூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தக்கோலப் போரில் சோழ இளவரசன் ராஜாதித்தன் கொல்லப்பட்டதற்குச் சரித்திரக்காரர்கள் எடுத்துக்காட்டும் சாசனம் இது, காலம் 949–50. நம் பாடப்புத்தகங்கள் சொல்லாமல் விடுவது, அது ஒரு நாயின் நினைவுக்கல் என்பதை. மணலேரன் என்ற வீரன் போரில் காட்டிய தீரத்துக்குப் பரிசாக அரசனிடம் காளி என்ற வேட்டைநாயைக் கேட்டு வாங்கினான். அது ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு பொருதியது. பன்றியும் செத்தது, நாயும் செத்தது. கோயிலுக்கு முன்னால் கல் நட்டு, அதன் பூசைக்கு நிலமும் விட்டார்கள். சோழ சாம்ராஜ்யத்தின் ஒரு பெரிய தோல்வி ஒரு நாயின் கல்லில் துணைச் செய்தியாக இடம் பிடித்திருக்கிறது. இதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

ஆனால் இந்த இரண்டு நாய்களுமே வேலை செய்த நாய்கள். கடித்தன, காத்தன, பொருதன, அதனால் கல். 2004 சுனாமியின்போது புதுச்சேரிப் பக்கம் சின்னக்காலாப்பட்டில் செல்வகுமார் என்ற நாய் ஒரு சிறுவனைத் தள்ளித் தள்ளி மேட்டுக்குக் கொண்டுபோன செய்தி உலகம் முழுக்கப் போனது. அதுவும் நடுகல்தான், காகிதத்தில் நட்டது. ஒன்றுமே செய்யாத நாயை, தின்று, தூங்கி, சொறி பிடித்து, ஒருநாள் செத்துப்போன நாயை எந்தக் கணக்கில் நினைவுகூர்வது? நடுகல் மரபு இதற்குப் பதில் சொல்லாது.

மகாபாரதம் சொல்லும் என்று எதிர்பார்ப்போம். மகாபிரஸ்தானிக பர்வத்தில் தருமனின் பின்னால் கடைசிவரை வருவது ஒரு நாய். யாரும் அதைக் கூப்பிடவில்லை. தம்பிகளையும் திரௌபதியையும் விட்டுவிட்டு வந்தவனுக்கு இந்த நாயை விட முடியவில்லையா என்று இந்திரன் கேட்கிறான். அவர்கள் செத்த பிறகுதான் விட்டேன், உயிரோடு இருப்பதை விடமாட்டேன் என்பது தருமனின் பதில். அசாத்தியமான பதில். ஆனால் அடுத்த கணமே நாய் மறைந்து தர்மதேவதை நிற்கிறது. நாய் சாகவே இல்லை. பதவி உயர்வு பெற்றுவிட்டது. இதிகாசத்துக்கு அது தேவைப்பட்டிருக்கலாம். நாய் நாயாகவே பனியில் விழுந்திருந்தால் தருமன் என்ன செய்திருப்பான் என்பதுதான் நமக்கு வேண்டிய கேள்வி, அதை வியாசர் தொடவில்லை.

மேற்கில் பைரனை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். அவருடைய போட்ஸ்வைன் 1808இல் வெறிநோயில் செத்தது. நியூஸ்டெட் மாளிகையில் அதற்கு அவர் எழுப்பிய சமாதி, பிற்பாடு அவருக்கே கிடைத்ததைவிடப் பெரியது. அந்தக் கவிதை எனக்கு உவப்பில்லை. நாயைக் கோலாக எடுத்து மனிதர்களை அடிக்கிறார். கோல் எந்த மரத்தில் ஆனது என்று அவருக்கு அக்கறையில்லை. மனித வெறுப்பை நாய்ப் பாசமாகக் காட்டும் இந்தப் பாவனை நம்மிடமும் தாராளமாக நடமாடுகிறது. நெரூதா, 1974இல் அவர் இறந்தபின் வந்த தொகுப்பில், தன் நாயைத் தோட்டத்தில் ஒரு துருப்பிடித்த இயந்திரத்துக்குப் பக்கத்தில் புதைக்கிறார். அந்த நாய் அளவுக்கு மேல் நெருங்காமல் இருந்ததைத்தான் அவர் பெரிதாகச் சொல்கிறார். அது கவிதை.

நம் ஊரில் சமீபத்தில் ஒரு நாயின் சாவு பெரிய அளவில் பாதித்தது என்றால் அது 2018இல் வந்த ‘பரியேறும் பெருமா’ளின் கருப்பிதான். தண்டவாளத்தில் கட்டிப்போட்டுக் கொல்லப்பட்ட வேட்டைநாய்க்கு ஊரே சேர்ந்து மனுஷச் சாவுபோல இழவு கொண்டாடுகிறது. நாயை உறவு சொல்லி அழும் அந்த ஒப்பாரி, சினிமாவில் அதற்கு முன் நான் கேட்காத குரல். படம் போகப்போகக் கருப்பி பரியனின் குறியீடாகிவிடுகிறது என்பதைக் குறையாகச் சொல்ல முடியாது. சாதி கொன்ற நாய் அது, வெறும் நாயாகச் சாக அதை விட்டுவைக்கவில்லை. என்றாலும் குறியீடாவதற்கு முந்தைய அந்தச் சில நிமிஷங்களே எனக்கு முக்கியம்.

குறியீடும் ஆகாமல், தேவதையும் ஆகாமல் ஒரு நாயை நினைவுகூர்வதை நான் கேட்டது எழுத்தில் அல்ல, நெட்டுக்குப்பத்தில். எண்ணூரில் ஒரு பக்கம் கடலும் மறு பக்கம் கொசஸ்தலை ஆறும் நெருக்கும் மணல் துண்டில் இருக்கிற மீனவக் குப்பம் அது. வடக்கே முகத்துவாரம். அதற்கு அப்பால் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளும் காமராஜர் துறைமுகமும். சுயஉதவிக் குழுக் கடன் விஷயமாக அங்கே போவதுண்டு. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த கச்சா எண்ணெய் ஆற்றை மூடியது. கூழைக்கடாக்கள் இறக்கை ஒட்டிப்போய் நின்றன. அவற்றைப் பிடித்துக் கழுவ ஆட்கள் வந்தார்கள், படங்கள் வந்தன. நாய்களின் மீதும் எண்ணெய் இருந்தது. மீன் விற்கும் ஒரு அம்மாவின் வீட்டு வாசலில் அப்படி ஒரு நாய் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். 2025இல் போனபோது அது இல்லை.

“நீங்க தூக்கிட்டு வந்து வளர்த்த நாய்தானேம்மா?” என்றேன்.

“நான் எங்க தம்பி தூக்கியாந்தேன்? எண்ண வந்துச்சே, அப்ப அதுவா வந்து குந்திகிச்சு. தேங்காண்ண போட்டுத் தொடச்சேன், கடிக்க வந்துச்சு.”

பெயர் என்ன என்று கேட்டேன். “பேரு இன்னாத்துக்கு? ‘இந்தா’ன்னா வரும்.” பிறகு அவராகவே சொல்லிக்கொண்டு போனார். எறா தலையைப் போட்டால் மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். சாம்பல் கொட்டின பக்கம் படுக்காது. போட்டு கரைக்கு வரும்போது எல்லா நாயும் ஓடும், இது ஓடாது. கடைசி மூன்று நாள் அவரிடம் வரவில்லை. வலைக் குவியலுக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டது. “கூப்ட்டேன், வர்ல. ஏன்னு தெர்ல.”

இதில் புகழ்ச்சி ஒரு இடத்திலும் இல்லை. விசுவாசம் என்ற சொல் வரவில்லை. அந்த நாய் செய்யாதவை, தொடாதவை, வராதவை மட்டும்தான் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் ஒரு நாய் ஸ்தூலமாக, தன் பிடிவாதங்களோடு எழுந்து நிற்கிறது. எடுத்த கை எங்கே என்று தேடினால், தேங்காயெண்ணெய் தொட்ட ஒரு கணம் தெரிந்துவிட்டு மறைகிறது, அதுவும் கடி வாங்கப் பார்த்த கையாக. எண்ணெய், சாம்பல், துறைமுகம் எல்லாம் இருக்கின்றன. ஆனால் எதற்கும் நாய் சாட்சி சொல்ல அழைக்கப்படவில்லை. என் நண்பர்கள் எழுதியிருந்தால் அந்த நாயின் கறுத்த முதுகில் ஒரு முழு சுற்றுச்சூழல் அறிக்கையை ஏற்றியிருப்பார்கள்.

இப்போது இன்னொரு சங்கடமும் சேர்ந்திருக்கிறது. சென்னை மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்த ஊர். 1959இல் தொடங்கிய ப்ளூ கிராஸ் வெகுகாலம் வாதாடியதன் பேரில் 1996இல்தான் கருத்தடைத் திட்டத்துக்கு மாறியது. 2025 ஆகஸ்ட் 11இல் உச்ச நீதிமன்றம் டில்லித் தெருநாய்களையெல்லாம் காப்பகங்களுக்குக் கொண்டுபோகச் சொன்னது. 22இல் அதை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு, வெறிபிடித்தவையும் மூர்க்கமானவையும் நீங்கலாக, பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. அன்றிலிருந்து ஊர் இரண்டு கட்சியாக நிற்கிறது. செத்த நாயைப் பற்றி எது எழுதினாலும் உயிரோடு இருக்கும் நாய்களுக்கான மனுவாக வாசிக்கப்படுகிறது, எழுதுகிறவர்களும் மனுவாகவே எழுதத் தொடங்கிவிட்டார்கள். மனுவில் நாய் கடிக்காது. ஆனால் உலகில் வெறிநோய்ச் சாவுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கடிபட்டுச் சாவது பெரும்பாலும் ஏழைகள், அதிலும் குழந்தைகள். நாயின் பல்லை விட்டுவிட்டு அதன் கண்ணை மட்டும் எழுதுகிற கவிதை, செத்த நாய்க்கும் உண்மையாக இல்லை.

அந்த அம்மா அதையும் விடவில்லை. அவருடைய நாய் இரண்டு பேரைக் கடித்திருக்கிறது. ஒருவன் பக்கத்து வீட்டுப் பையன். ஐந்து ஊசிக்கும் அவரே அவனை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார், வியாபாரத்துக்குப் போகாமல். எறா தலையைச் சொன்ன அதே குரலில்தான் இதையும் சொன்னார்; சொல்லிவிட்டு, குழுக் கடனில் இந்த மாசத் தவணை ஏறிவிட்டதா என்று கேட்டார்.