பருந்து எண்ண வாருங்கள், நஞ்சராயன் குளத்துக்கு

வலசைப் பருந்துகளை எண்ண மலையுச்சிதான் தோதான இடம் என்பார்கள். எங்கள் திருப்பூர் மண்ணரையில் மலை இல்லை. ஆனால் ஊத்துக்குளி ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் நஞ்சராயன் குளத்துக் கரை இருக்கிறது. மார்கழியிலோ தையிலோ சாயங்காலம் நாலரை மணிக்கு அதில் ஏறி நின்றவர்கள் மலைக்காக ஏங்கவே மாட்டார்கள். பந்தயம் கட்டிச் சொல்கிறேன்!

முதலில் பருந்து கண்ணில் படாது. நாமக்கோழிகள்தான் சேதி சொல்லும். தண்ணீரில் சிதறிக் கிடந்த கருப்புப் பறவைகள் திடீரென நெருங்கி ஒரே திட்டாகக் கூடும். நீலச்சிறகிகள் விருட்டென்று எழும்பி ஒரு சுற்றுச் சுற்றும். உடனே பைனாகுலரைச் சம்புப் புதர்களின் மேலாக ஓட்ட வேண்டும். அதோ, சேற்றுப் பூனைப்பருந்து! இறக்கைகளைச் சற்றே மேல்நோக்கித் தூக்கிப் பிடித்தபடி, புதரை உரசுகிற உயரத்தில், அவசரமே இல்லாமல் மிதந்து வரும். பெட்டையும் இளசும் அடர்பழுப்பு, தலை மட்டும் பாலாடை நிறம். ஆணுக்கு இறக்கையில் சாம்பல், நுனியில் கருப்பு. ஆண் வருவது அபூர்வம். வந்துவிட்டால் அன்று கரை கல்யாண வீடுதான்.

மத்திய ஆசியாவின் நாணல் சதுப்புகளில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்கு முன் தெற்கே இறங்குகிற பறவை, பனியன் கம்பெனிகளுக்கு நடுவே கிடக்கும் இந்த நீரைத் தேடி வருகிறதே! நினைத்தாலே மேல் சிலிர்க்கிறது.

பகலில் எண்ணினால் ஒரே பருந்து மூன்று தடவை கணக்கில் ஏறிவிடும். பூனைப்பருந்துகள் புல்லிலோ நாணலிலோ தரையில்தான் இராத்தங்கும், அதுவும் பெரும்பாலும் கூட்டமாக. குஜராத்தின் வேளாவதர் புல்வெளி அப்படி அவை கூடுகிற உலகின் மிகப் பெரிய இடங்களில் ஒன்று. அதனால் நாங்களும் இருட்டுகிற நேரத்தில் சம்புக்குள் இறங்குகிறவற்றையே எண்ணுகிறோம். ஆளுக்கொரு பக்கம் பார்ப்போம், ஒருவர் எழுதுவார். இறங்கியது மறுபடி எழுந்தால் கணக்கில் ஒன்று குறைய வேண்டும். எங்களோடு வரும் ஓய்வுபெற்ற கட்டிங் மாஸ்டர் அண்ணனின் கண்ணுக்கு எதுவும் தப்பாது. "எறங்கீருச்சுங்க, எழுதிக்குங்க!" என்று அவர் சொல்லும்போது குரலில் இருக்கும் சந்தோஷத்தை வேறெங்கும் நான் கேட்டதில்லை.

விராலடிப்பான் வருகிற நாள் இன்னும் விசேஷம். தண்ணீருக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும். பிறகு கால்களை முன்னால் நீட்டிக்கொண்டு தொப்பென்று விழும். கால்விரல்களில் வெளிவிரலைப் பின்னுக்குத் திருப்பி, முன்னிரண்டு பின்னிரண்டாக மீனைக் கவ்வும். வழுக்காமலிருக்கப் பாதத்தில் முள்முள்ளான செதில்கள் வேறு. தூக்கிய மீனின் தலையைக் காற்றுக்கு எதிராகத் திருப்பிக்கொண்டு பறக்கும் பாருங்கள், அந்த நேர்த்தியை எத்தனை தரம் பார்த்தாலும் கை தட்டத் தோன்றும்.

நிறைய பேர் கேட்கிறார்கள், எண்ணி என்ன ஆகப்போகிறது என்று. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஹாக் மவுண்டன் என்றொரு மலை. வலசை வரும் பருந்துகளை வேடிக்கைக்காகச் சுட்டுக் குவித்த இடம். 1934இல் ரோசலி எட்ஜ் என்ற பெண்மணி அந்த மலையைக் குத்தகைக்கு எடுத்து வேட்டையை நிறுத்தினார். மாரிஸ் புரூன் அங்கே நின்று எண்ணத் தொடங்கினார். 1935–39இல் அவர் பார்த்த வெண்தலைக் கழுகுகளில் 40 சதவீதம் இளம் பறவைகள். 1955–59இல் அது 20 சதவீதம். டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லி நஞ்சு பற்றிய தன் 1962ஆம் வருடப் புத்தகத்தில் ரேச்சல் கார்சன் இந்தக் கணக்கைத்தான் சாட்சியாக வைத்தார். தண்ணீரில் கலந்த நஞ்சு மீன்வழி ஏறிக் கடைசியில் கழுகின் உடம்பில்தான் சேர்கிறது. 1972இல் அந்நாட்டில் டி.டி.டி. தடைசெய்யப்பட்டது.

திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நொய்யலில் சாயம் ஓடியதைப் பார்த்தவர்கள் நாம். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது ஊருக்கே தெரியும். நல்லாற்று நீர் வந்து சேரும் இந்தக் குளமும் கழிவைச் சுமந்ததுதான். இன்று இது தமிழ்நாட்டின் 17ஆவது பறவைகள் சரணாலயம். 2024 ஆகஸ்ட் முதல் ராம்சார் தலம். சரணாலயம் என்ற பலகை வைத்தால் போதாது. உணவுச் சங்கிலியின் உச்சியில் இருக்கும் பறவை வருகிறதா, எத்தனை வருகிறது என்று வருடா வருடம் யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலை எங்கள் கையில் இருப்பது எனக்குப் பெருமை.

பொங்கலை ஒட்டி நான்கு நாட்கள் தமிழ்நாடு முழுக்கப் பறவைகளை எண்ணி இபேர்ட் (eBird) இணையதளத்தில் ஏற்றுகிறார்கள். ஓரிடத்தில் 15 நிமிடம் நின்று பார்த்தால்கூடப் போதும், உங்கள் பட்டியலும் சேரும். பறவைப் பெயர் ஒன்றுமே தெரியாதா? பரவாயில்லை, அண்ணன் சொல்லித் தருவார். என்னிடம் பைனாகுலர் இன்னொன்று இருக்கிறது. தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் மட்டும் கொண்டுவாருங்கள், பளிச்சென்ற நிறத்தில் சட்டை வேண்டாம். நாலரைக்கெல்லாம் கரைக்கு வந்துவிடுங்கள்!