மேலங்கிக்கு மேலா, உள்ளேயா?

திரையில் வில்லாளியின் வலக்கை தோளுக்குப் பின்னால் போகிறது. மறுநொடி அம்பு நாணில் இருக்கிறது. கூடவே கணுக்கால் வரை தொங்கும் மேலங்கி காற்றில் விரிகிறது. ராபின் ஹூட் படங்களும், 2001 முதல் 2003 வரை வந்த ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ படங்களும் இந்தக் கோலத்தை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டன. எரால் ஃபிளின் நடித்த 1938ஆம் ஆண்டு ராபின் ஹூட் படத்தின் அம்பெய்யும் காட்சிகளுக்குக் கைகொடுத்தவர் ஹோவர்ட் ஹில் என்ற அமெரிக்க வில்லாளி. முதுகோடு ஒட்டிக்கொள்ளும் தோல் தூணிதான் அவருக்குப் பிடித்தது. ஆனால் ஹில் வேட்டைக்குப் போனபோது மேலங்கி போர்த்திக்கொண்டு போகவில்லை.

இன்று அந்தக் கோலத்தைப் போட்டுப் பார்ப்பவர்கள் நடிகர்கள் மட்டுமல்ல. 1966இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் தொடங்கிய ‘சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரானிசம்’ இடைக்கால ஐரோப்பிய வாழ்க்கையை நடித்துப் பார்ப்பவர்களின் பெரிய அமைப்பு. ஜெர்மனியில் நடக்கும் ‘டிராகன்ஃபெஸ்ட்’ போன்ற லார்ப் (கதாபாத்திரமாகவே வேடம் கட்டி ஆடும் விளையாட்டு) விழாக்களில், வேடம் கட்டியவர்கள் நாள்கணக்கில் வெட்டவெளியில் கூடாரம் போட்டுத் தங்குகிறார்கள். மேலங்கி ஓரிடத்தில், முதுகுப்பை வேறோரிடத்தில், தூணி இன்னோரிடத்தில் வாங்கி ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொள்வது அங்கே பலருடைய வழக்கம். கோளாறு அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

கம்பளி மேலங்கியின் முழுக் கனமும் தொங்குவது கழுத்தடியில் இருக்கும் ஒரு கொக்கியில். அதன்மேல் தூணியின் வார் வலத்தோளிலிருந்து இட இடுப்புக்குக் குறுக்கே இறங்குகிறது. நடக்க நடக்கத் துணி வாருக்கடியில் சிக்கிப் பின்னுக்கு இழுபடும். கொக்கி மெல்ல மேலேறித் தொண்டையைப் பிடிக்கும். அம்பெடுக்கக் கையைப் பின்னால் கொண்டுபோனால், முதலில் தட்டுப்படுவது அம்பல்ல, கழுத்துக்குப் பின்னால் குவிந்து கிடக்கும் முக்காடு. அம்பின் இறகுகள் அதன் விளிம்பில் உரசி மடங்கும். முக்காட்டைத் தலையில் போட்டுக்கொண்டால் தோளைத் திரும்பிப் பார்க்கவும் முடியாது. குனிந்து எதையாவது எடுத்தாலோ அம்புகள் தலைக்கு மேலாக நழுவித் தரையில் விழும்.

மழை வந்தால் கதை இன்னும் மோசம். நன்றாகத் தோய்த்து அடித்து இறுக்கிய கம்பளி, தளர்வாகத் தொங்கும்வரைதான் தண்ணீரை வழியவிடும். வார் அழுத்தும் இடத்தில் ஈரம் உள்ளே ஊறும். தோளிலும் நெஞ்சிலும் குறுக்காக ஒரு நனைந்த கோடு விழும். சாக்குக் கொங்காணி போட்டுக்கொண்டு மழையில் நாற்று நடுபவர் அதன்மேல் எதையும் வரிந்து கட்டுவதில்லை என்பதைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. திறந்த வாயோடு முதுகில் நிற்கும் தூணியோ மழையை வாங்கிக்கொள்ளும் குவளையாகிவிடுகிறது. நனைந்த இறகு படுத்துக்கொண்டால் அம்பு நேராகப் போகாது.

இவ்வளவு சொன்னாலும் ‘மேலே மாட்டும்’ வழக்கத்தை வெறும் சினிமாத்தனம் என்று தள்ளிவிட முடியாது. குறுக்கு வார் மேலங்கியை உடம்போடு பிடித்துவைக்கிறது. காற்றில் அது வில்லின் நாணில் போய் மாட்டாது. புதர்களுக்கிடையே போகும்போது இடுப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் தூணியைவிட முதுகில் இருப்பது தொல்லை குறைவு. மேலங்கியை நன்றாகப் பின்னுக்குத் தள்ளி, முக்காட்டைத் தனி உடுப்பாக்கிவிட்டால் வெயில் நாளில் இந்த ஏற்பாடு ஓரளவு ஓடும். இடைக்காலத்திலும் முக்காடு பெரும்பாலும் தனி உடுப்புதான். சுவீடனின் பாக்ஸ்டன் சதுப்பில் 1936இல் கிடைத்த 14ஆம் நூற்றாண்டு மனிதனின் உடைகளில் மேலங்கி வேறு, நீண்ட வால் வைத்த முக்காடு வேறு. இரண்டையும் சேர்த்துத் தைத்துவிடும் இன்றைய பழக்கமே பாதிச் சிக்கலுக்குக் காரணம்.

அப்படியானால் அன்றைய வில்லாளிகள் அம்பை எங்கே வைத்தார்கள்? 11ஆம் நூற்றாண்டின் பேயூ திரைச்சீலையில் இடுப்பில் தூணி தொங்கும் வில்லாளிகளைப் பார்க்கலாம். ஆங்கிலக் கவிஞர் சாசரின் ‘கேன்டர்பரி கதைகள்’ காட்டும் வில்லாளி மயிலிறகு அம்புக் கட்டை பெல்ட்டிலேயே செருகியிருக்கிறான். 1545இல் மூழ்கி 1982இல் வெளியே எடுக்கப்பட்ட ‘மேரி ரோஸ்’ என்ற ஆங்கிலப் போர்க்கப்பலில் 24 துளைகள் போட்ட வட்டமான தோல் தகடுகள் கிடைத்தன. துளைக்கு ஓர் அம்பு வீதம் செருகினால் இறகுகள் ஒன்றோடொன்று உரசாது, சுற்றிலும் துணிப்பை. இறகைக் காப்பதற்கென்று யோசித்துச் செய்த பொருள் அது. கடையில் கிடைக்கும் தோல் குழாய்த் தூணிகளில் இந்த யோசனையைக் காண்பது அரிது.

ஆகவே ‘இடுப்புக்கு மாற்று, மேலங்கிக்கு உள்ளே போடு’ என்கிறார்கள் வரலாற்றுச் சுத்தம் பார்ப்பவர்கள். இறகு நனையாது, தொண்டை நெரியாது. ஆனால் முன்பக்கம் திறக்கும் மேலங்கிக்குள் வலது இடுப்பில் தூணியை வைத்தால், ஒவ்வொரு அம்புக்கும் முதலில் துணியை விலக்கியாக வேண்டும். பாதித் துணி கையோடு வரும். ஓடினால் தூணி தொடையில் அடிக்கும். உட்கார்ந்தால் அதன் அடி தரையில் முட்டும்.

இதற்கு விடை தூணியில் இல்லை, மேலங்கி எந்தப் பக்கம் திறக்கிறது என்பதில் இருக்கிறது. மேலங்கியை வலத்தோளில் ஊசியால் குத்திப் போர்த்துவது ரோமானியப் படைவீரர் காலம் முதல் ஐரோப்பாவில் நீண்டகாலம் இருந்த முறை. அப்போது வலப்பக்கம் முழுக்கத் திறந்திருக்கும். கையும் தூணியும் வெளியே வரும், முதுகும் இடப்பக்கமும் மூடியிருக்கும். இடது தோள் மட்டும் முன்னே தள்ளி வில் பிடிக்கும் போது துணி கொஞ்சம் இடறும் என்பது உண்மை. அதற்காக முழு ஏற்பாட்டையும் வேண்டாமென்று சொல்வது சரியல்ல. 13, 14ஆம் நூற்றாண்டுகளில் மேலுடையில் நீளவாக்கில் பிளவு விட்டு, உள்ளே பெல்ட்டில் தொங்கும் பணப்பையைத் தொட வழி செய்தார்கள். அதே பிளவை மேலங்கியில் வைக்கத் தையல்காரருக்கு அரை மணி வேலை.

கொக்கியின் நெரிப்புக்கும் பழைய மருந்து இருக்கிறது. பிரிட்டிஷ் செவிலியர்கள் அணிந்த குட்டை மேலங்கிகளில் இரண்டு வார்கள் நெஞ்சின் குறுக்கே போய் முதுகில் பொத்தானில் மாட்டிக்கொள்ளும். கனம் தொண்டையை விட்டுத் தோளுக்குப் போய்விடும். முன்பக்கத்தை எப்போது வேண்டுமானாலும் பின்னே தள்ளலாம். இடைக்கால உடையில் இதற்குச் சான்று தேடினால் கிடைக்காது. உள்ளே மறைந்திருக்கும் வாரை யார் பார்க்கப் போகிறார்கள்?

முதுகுப்பை விஷயத்தில் தயவு காட்ட வேண்டியதில்லை. அன்றைய யாத்ரீகன் சுமந்தது பக்கவாட்டில் தொங்கும் சிறிய தோள்பை. ஸ்பெயினின் சாந்தியாகோ யாத்திரைக்கான 12ஆம் நூற்றாண்டு நூலான ‘கோடெக்ஸ் கலிக்ஸ்டினஸ்’ அந்தப் பை சிறியதாக, வாய் கட்டாததாக இருக்க வேண்டும் என்று ஆன்மிகக் காரணமும் சொல்கிறது. இரண்டு வார் வைத்த பெரிய பையை மேலங்கிக்கு மேல் மாட்டினால் மேலங்கி வெறும் முதுகுத் திண்டாகிவிடும். உள்ளே மாட்டினால் பின்விளிம்பு முழங்காலுக்கு ஏறி, முன்பக்கம் கழுத்தை இழுக்கும். அதே சாந்தியாகோ பாதையில் இன்று நடப்பவர்கள் இதைத் தீர்த்துவிட்டார்கள். அவர்கள் அணியும் ‘பாஞ்சோ’ மழையங்கிகளில் முதுகில் பைக்கென்றே கூடுதல் துணி விட்டுத் தைத்திருக்கும்; பை இல்லாதபோது அதை மடித்துப் பொத்தான் போட்டுவிடலாம். கம்பளியில் அதைத் தைத்தால் எடை கூடும், கூன் தெரியும். நனைந்த பையோடு இரவைக் கழித்தவருக்குக் கூன் பெரிய விஷயமாகத் தோன்றாது.

லார்ப் வில்லாளிக்கு மட்டும் இதில் எதுவும் முழுதாகப் பொருந்தாது. கண்குழிக்குள் போகாதபடி அவருடைய அம்பின் நுனியில் அகலமான நுரைத்தலை இருக்கும். மேரி ரோஸ் தகட்டின் நெருக்கமான துளைகள் அதற்கு உதவாது. பத்து அம்பு போட்டாலே தூணி வாளியளவு ஆகிவிடும். அவ்வளவு பெரிதை மேலங்கிக்குள் ஒளிக்க முயல்வதைவிட, நான்கைந்து அம்புகளை மட்டும் வலது இடுப்பில் ஒரு தட்டையான தோல் உறையில் வைத்துக்கொண்டு, மீதியை முகாமில் மூடியிட்ட பெட்டியில் விட்டுவரலாம். சண்டை முடிந்ததும் எய்த அம்புகளைப் பொறுக்க எப்படியும் மைதானத்துக்குத் திரும்பத்தான் வேண்டும்.