மேற்கோள் கணக்குக்குள் அடங்காத சம்பு நாத் டே

ஆண்டுதோறும் ஸ்டான்ஃபோர்டு பட்டியல் வெளியானதும் நம் கல்லூரி வாசல்களில் பேனர் ஏறிவிடுகிறது: உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகளில் எங்கள் பேராசிரியர். எத்தனை கட்டுரை, எத்தனை மேற்கோள், ஹெச்-இன்டெக்ஸ் எவ்வளவு என்ற மூன்று எண்கள் போதும், ஆளை எடை போட்டுவிடலாம் என்கிறார்கள். தொற்றுநோய்த் துறையில் இந்த அளவுகோல் எத்தனை கோணலானது என்று காட்ட கல்கத்தாவின் காலரா ஆய்வாளர் சம்பு நாத் டே ஒருவரே போதும்.

காலரா ஆய்வின் முன்கதை தெரிந்ததுதான். 1854இல் லண்டனில் ஜான் ஸ்நோ நோயின் ஊற்றாக பிராட் தெருக் குழாயைச் சுட்டினார். அதே ஆண்டு ஃபிளாரன்ஸில் இத்தாலிய மருத்துவர் பச்சீனி கிருமியைக் கண்டார். 1884இல் ராபர்ட் கோச் கல்கத்தாவுக்கே வந்து அதைப் பிரித்தெடுத்தார். கிருமி நஞ்சைச் சுரக்கிறது என்ற கோச்சின் ஊகமும் சரியானதே. பின்னால் வந்த ஜெர்மானிய ஆய்வாளர் ஃபைஃபரோ, நஞ்சு கிருமியின் உடலோடு ஒட்டியிருக்கிறது, அது செத்துச் சிதைந்தால்தான் வெளிவரும் என்றார். துறை அந்தக் கருத்தைப் பிடித்துக்கொண்டு அரை நூற்றாண்டுக்கு மேல் அலைந்தது. விலங்குகளின் வயிற்றறையிலும் ரத்தத்திலும் கிருமியை ஏற்றினார்கள். விலங்கு செத்தது, காலரா வரவில்லை.

ஹூக்ளி மாவட்டத்தில் 1915இல் பிறந்த டே, லண்டனில் நோயியலாளர் ராய் கேமரனிடம் ஆய்வுப் பட்டம் முடித்து 1949இல் ஊர் திரும்பினார். வார்டில் நோயாளி நீர் வற்றிச் சாகிறார், நீர் போவது குடல் வழியாக; அப்படியானால் தேட வேண்டிய இடமும் குடல்தான் என்ற நேரான யோசனை அவருடையது. 1953இல் அவரும் டி.என். சாட்டர்ஜியும் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். முயலின் வயிற்றைத் திறந்து சிறுகுடலில் ஒரு துண்டை இரு முனையிலும் நூலால் கட்டி, காலராக் கிருமி வளர்ந்த திரவத்தை அதற்குள் ஊசியால் செலுத்தி வயிற்றைத் தைத்தார்கள். மறுநாள் திறந்தபோது அந்தத் துண்டு நீர் கோத்து விறைத்திருந்தது. கிருமி செலுத்தாத துண்டு சுருங்கிக் கிடந்தது. ஒரு முயல், கொஞ்சம் நூல், ஓர் ஊசி. எந்த ஏழை மருத்துவக் கல்லூரியிலும் செய்துபார்க்கக்கூடிய இந்த அழகான முறையால், 1956இல் பேதி நோயாளிகளிடமிருந்து எடுத்த ஈ. கோலை என்ற குடல் கிருமியையும் அவர் சோதித்தார். குழந்தைகளின் வயிற்றுப்போக்கு பற்றிய பிற்கால ஆய்வுகள் பல அந்த வாசல் வழியே வந்தவை.

பிறகு 1959 மே மாதம், நேச்சர் இதழில் ஒரு சின்னஞ்சிறு குறிப்பு. கிருமியை முற்றிலும் வடிகட்டி நீக்கிய திரவமும் குடலில் நீர் கோக்க வைத்தது. நஞ்சைக் கிருமி உயிரோடிருக்கும்போதே வெளியே சுரக்கிறது என்பது அதோடு தெளிவானது. அதன் பின் வந்த காலரா ஆய்வு இந்தக் குறிப்பின் மேல் எழுந்தது: 1969இல் ஃபிங்கெல்ஸ்டைனும் லோஸ்பல்லுட்டோவும் நஞ்சைத் தூய்மைப்படுத்தினார்கள், அது குடல் செல்லில் எங்கே ஒட்டுகிறது, எப்படி நீரை வெளியேற்றுகிறது என்பதெல்லாம் துலங்கியது, நஞ்சின் ஒரு பகுதியைக் கொண்டே வாய்வழித் தடுப்பு மருந்தும் பிறந்தது.

டேயின் கணக்கு? வெளியான சில ஆண்டுகள் அந்தக் குறிப்பை உலகம் பொருட்படுத்தவில்லை. கட்டுரையையும் மேற்கோளையும் சேர்த்து அளக்கும் ஹெச்-இன்டெக்ஸோ எழுதிய கட்டுரைகளின் எண்ணிக்கையைத் தாண்டவே முடியாது. ஐந்து கட்டுரைகளுக்குத் தலா ஆயிரம் மேற்கோள் கிடைத்தாலும் அது 5தான். மேலும், ஒரு கண்டுபிடிப்பு பாடப்புத்தகத்துக்குள் போனதும் கண்டவரின் பெயர் உதிர்ந்துவிடும் என்பதைச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் என்றோ விளக்கிவிட்டார். எல்லோரும் பயன்படுத்துகிறார்கள் என்பதாலேயே யாரும் மேற்கோள் காட்டாத நிலை அது. கோவிட் காலத்தில் அவசரமாக எழுதிய தொகுப்புக் கட்டுரைகள் மாதக்கணக்கில் குவித்த மேற்கோள்களை இதோடு வைத்துப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது.

மேற்கோளை எண்ணுவதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. அறிவியல் மேற்கோள் அட்டவணையை உருவாக்கிய யூஜீன் கார்ஃபீல்டே, டே இறந்த மறு ஆண்டில், 1986இல், காலரா ஆய்வின் மேற்கோள் வரைபடத்தை வரைந்து, அதில் டே எங்கே நிற்கிறார் என்று ஒரு கட்டுரை எழுதினார். எது எதிலிருந்து கிளைத்தது என்று தடம் பிடிக்க அவர் எண்களைப் பயன்படுத்தினார். பிடித்த தடத்தில் கட்டுரைகளைப் படித்தார். நம் தேர்வுக் குழுக்கள் எண்ணோடு நிறுத்திக்கொள்கின்றன. விண்ணப்பதாரர் தம் வாழ்நாளில் சிறந்தவை என்று கருதும் மூன்று கட்டுரைகளைக் கொடுக்கட்டும், குழு அவற்றை முழுக்கப் படித்து ஒரு பக்கம் எழுதட்டும். எளிய ஏற்பாடு; ஆனால் படிக்க வேண்டும்.

நோபல் பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க் அப்படிப் படித்தவர். டேயை நோபலுக்கே ஒருமுறைக்கு மேல் முன்மொழிந்தார். 1978இல் ஸ்டாக்ஹோமில் காலரா பற்றிய நோபல் கருத்தரங்குக்கு டே அழைக்கப்பட்டதும் அத்தகைய படிப்பால்தான். இந்திய அறிவியல் கழகங்கள் கடைசி வரை அவரை உறுப்பினராக்கவில்லை.

டே மட்டுமல்ல. அவரது குறிப்பு வெளியான அதே 1959இல் பம்பாய் ஹாஃப்கின் நிறுவனத்தில் என்.கே. தத்தா குழுவினர் முயல் குட்டிகளைக் கொண்டு வேறொரு வழியில் காலரா நஞ்சின் செயலைக் காட்டினார்கள். அவர்களைப் பற்றித் தமிழில் நான் ஒரு வரிகூடப் படித்ததில்லை.