கடலும் கண்மாயும்

வானம் பார்த்த பூமியாகிய புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆண்டு முழுதும் நீரோடும் ஆறு இல்லை. அங்கு உழவைக் காத்து வந்தவை கண்மாய்களே. ஓர் ஊர்க் கண்மாய் நிரம்பினால் மிகுநீர் கலிங்கு வழியே சென்று அடுத்த ஊர்க் கண்மாயைச் சேரும். ஒவ்வோர் ஊரும் தன் கண்மாயைத் தானே பேணியது. எனினும் எவ்வூரும் தனித்து நிற்கவில்லை. இணையத்தில் எழுதுவோர் முன் இன்று நிற்கும் ஒரு வினாவுக்கு இவ்வேற்பாட்டில் விடை உண்டு. பெருந்தளங்களை விட்டுச் சிறு குழுக்களுக்குச் செல்வது தகுமா என்பதே அவ்வினா.

2015 அக்டோபர் 11ஆம் நாள் புதுக்கோட்டையில் வலைப்பதிவர் திருவிழா நடைபெற்றது. முந்திய ஆண்டுகளில் சென்னையிலும் மதுரையிலும் கூடியவர்கள் அவ்வாண்டு இங்கே கூடினர். கணினித் தமிழ்ச் சங்கம் முன்னின்றது; தமிழ் இணையக் கல்விக்கழகத்துடன் இணைந்து மின்தமிழ் இலக்கியப் போட்டிகளும் நடத்தப்பெற்றன. ஒவ்வொருவரும் தமக்கென ஒரு பக்கம் அமைத்துக்கொண்டு எழுதி, பிறர் பக்கம் சென்று நிறைகுறை கூறிய காலம் அது. ஆனால் எழுதுவோர் பலர் அதற்கு முன்பே முகநூலுக்குக் குடிபெயரத் தொடங்கியிருந்தனர். வாசகர் மிகுதியும் உடனடி மறுமொழியும் அவர்களை ஈர்த்தன. அதில் தவறில்லை. ஆயினும் இழந்தது என்ன என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அங்கே எதனை முதலில் படிப்பது என்பதை வாசகர் முடிவு செய்வதில்லை. விளம்பர வருவாயை நாடும் கணக்கீடே முடிவு செய்கிறது. ஆரவாரம் மேலே மிதக்கிறது. பொறுமையான திறனாய்வு அடியில் ஆழ்கிறது. சென்ற ஆண்டு எழுதியதை இவ்வாண்டு தேடி எடுப்பது அரிது. தளமே மூடப்படின் அதுவும் இல்லை. ஆர்க்குட் 2014இலும், கூகுள் பிளஸ் 2019இலும் மூடப்பட்டதைக் கண்டோம்.

2019இல் உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் டுவிட்டர் கணக்கு முடக்கப்பட்டது. நாஜி வணக்கம் செலுத்த மறுத்துக் கைகட்டி நின்ற ஒருவரின் பழைய படத்தை வைத்திருந்ததே காரணமாகக் கூறப்பட்டது. அடக்குமுறைக்குப் பணியாத மனிதரின் படம், வெறுப்பின் சின்னமாகக் கொள்ளப்பட்டது! அதனையொட்டி இந்தியர் பலர் மாஸ்டடானை நாடினர். 2022இல் எலான் மஸ்க் டுவிட்டரை வாங்கியபோது உலகெங்கும் அவ்வாறே நிகழ்ந்தது.

2016இல் ஜெர்மனியில் தோன்றிய மாஸ்டடான் ஒரே தளம் அன்று; பல வழங்கிகளின் கூட்டமைப்பு. ஒவ்வொரு வழங்கிக்கும் தனி நிர்வாகமும் தனி விதியும் உண்டு. ஆயினும் ஒன்றில் இருப்பவர் மற்றொன்றில் இருப்பவரைத் தொடரலாம், உரையாடலாம். கண்மாயும் கலிங்கும் போன்ற அமைப்பே இது.

எனினும் இதனை வெறுமனே போற்றுவது திறனாய்வு ஆகாது. 2019இல் சென்றவருள் பலர் திரும்பிவிட்டனர். தாம் தேடியோர் அங்கே இல்லை என்பதே காரணம். சிறு வழங்கிக்கும் செலவுண்டு. அதனை நடத்துபவர் சோர்ந்தால் அதுவும் மூடப்படும். சிறு குழுவின் தலைவர் பெருந்தள முதலாளியினும் குறுகிய மனத்தினராக இருத்தலும் கூடும். வலைப்பூக்களைச் சொந்த வீடு என்றோமே, அவற்றுள் பல கூகுளின் இடத்தில் கட்டப்பட்டவை அல்லவா? கண்மாய் தானே நிலைத்ததில்லை. ஊரார் கூடிக் கரையை உயர்த்தி, வண்டல் அகற்றிய குடிமராமத்தே அதனை நிலைநிறுத்தியது. அது நின்ற ஊர்களில் கண்மாய் தூர்ந்தது.

1882இல் கண்டி சித்தி லெப்பை ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கியபோதும், 1959இல் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ இதழைத் தொடங்கியபோதும் திரண்ட வாசகர் கூட்டம் காத்திருக்கவில்லை. தம் கருத்துக்குத் தாமே பொறுப்பேற்கும் துணிவே அவர்களின் முதலாக இருந்தது.

ஆதலால் பெருந்தளத்தை அடியோடு துறக்க வேண்டும் என்று கூற மாட்டேன். மூலப்படியை நமக்குரிய இடத்தில் வைப்போம். அதன் செலவை ஆளுக்குச் சிறிதாகப் பகிர்ந்துகொள்வோம். பெருந்தளத்தில் அறிவிப்பு மட்டும் செய்வோம். கடலில் வலை வீசலாம். குடிநீருக்குக் கண்மாய்தான் வேண்டும்.