இன்மையும் கிடையாமையும்: மகளிர் வரலாற்று நூல்களைக் கூடித் தொகுக்கும் முறை

திறனாய்வின் முதற்கடமை சான்றுகளைத் திரட்டுதலாகும். சான்று கிடையாதவிடத்து 'இல்லை' என்று முடிவு கூறுதல் எளிது. அம்முடிவு ஒருமுறை நூலில் ஏறிவிடின் அதனை மாற்றுதல் அரிது. தமிழ் மகளிரின் உரைநடை முயற்சிகளைச் சில வரிகளில் சொல்லிக் கடக்கும் இலக்கிய வரலாறுகள் நம்மிடையே உள. மகளிர் எழுதியன குறைவு என்பதும், மகளிர் எழுதியவற்றுள் நம் நூலகங்கள் காத்தவை குறைவு என்பதும் ஒன்றல்ல. முன்னது இலக்கியத்தைப் பற்றிய முடிவு. பின்னது நூலகங்களைப் பற்றிய முடிவு. இவ்விரண்டும் மயங்கியுள்ளன என்பதே யாம் ஈண்டுக் கூற வந்தது.

தொகுத்தல் தமிழர்க்குப் புதியதன்று. ஔவையார், வெள்ளிவீதியார், காக்கைபாடினியார் நச்செள்ளையார் முதலியோர் பாடியவற்றுள் இன்று நம் கைக்கு எட்டியவை தொகை நூல்களிற் சேர்ந்தமையாலேயே எட்டின. அத்தொகை நூல்கள் அச்சேறியதும் ஓரிடத்து ஏட்டைக்கொண்டு மட்டும் நிகழ்ந்ததன்று. பல இடங்களிற் கிடந்த ஏடுகளைத் தேடிப் பெற்று, ஒப்புநோக்கி, உ. வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். ஓர் ஏட்டின் குறையைப் பிறிதோர் ஏடு நிரப்பும் என்னும் அம்முறை இருபதாம் நூற்றாண்டு இதழ்களுக்கும் பொருந்தும். ஆயினும், ஏட்டுக்குக் காட்டிய அக்கறையை நாம் இதழுக்குக் காட்டினோமில்லை.

வை. மு. கோதைநாயகி அம்மையார் 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழை நடத்தித் தம் புதினங்களை அதில் தொடராக வெளியிட்டார். 1930-களில் காரைக்குடியிலிருந்து வெளிவந்த 'மாதர் மறுமணம்' கைம்பெண்களின் மறுமணத்தை வற்புறுத்தியது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் 'தாசிகள் மோசவலை' 1936-இல் வெளிவந்தது. இத்தகையவற்றை இல்லத்து வாசிப்பு என்றும், இயக்கத்தாரின் பரப்புரை என்றும் ஒதுக்கும் மனப்பான்மை, எவற்றை வாங்கிக் கட்டமைத்துக் காப்பது என்னும் தெரிவிலும் புகுந்துவிடுகின்றது. தெரிவில் விடுபட்டது பின்னர் வரலாற்றிலும் விடுபடுகின்றது.

இக்குறையை ஓரளவு தீர்த்தவர் தனிமனிதர் ஒருவர். கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் திரட்டிய நூல்களும் இதழ்களும், அவர் 1992-இல் மறைந்தபின், சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக உருப்பெற்றன. அவர் பணியைப் போற்றுதல் கடன். எனினும், ஒருவருடைய ஆர்வத்தை நம்பி ஒரு மொழியின் வரலாறு நின்றது என்பது பெருமைக்குரிய செய்தி மட்டுமன்று, எச்சரிக்கையுமாகும்.

நூலகங்கள் கூடித் தொகுத்தல் என்பது யாது? அமெரிக்க நூலகங்கள் 1948-இல் தொடங்கிய ஃபார்மிங்டன் திட்டத்தில், அயல்நாட்டு நூல்களை வாங்கும் பொறுப்பைத் துறை வாரியாகவும் நாடு வாரியாகவும் தமக்குள் பகுத்துக்கொண்டன. அத்திட்டம் 1972-இல் முடிவுற்றது. ஆயினும் அதன் அடிப்படைக் கருத்து இன்றும் ஆராயத்தக்கது. எல்லா நூலகமும் எல்லாவற்றையும் வாங்க இயலாது. எந்நூலும் ஒரு நூலகத்திலேனும் இருத்தல் வேண்டும்.

நம் நாட்டில் இன்ஃப்ளிப்நெட் நிறுவனம் பல்கலைக்கழக நூலகங்களின் கூட்டுப் பட்டியலை அமைத்துள்ளது. இது நற்பணியே. ஆயினும் கூட்டுப் பட்டியல் வேறு, கூட்டுத் தொகுப்பு வேறு. முன்னது இருப்பதை அறிவிக்கும். பின்னது இல்லாததைத் தேடும். இதழின் பெயர் பட்டியலில் இருப்பினும், எந்த ஆண்டின் எந்தத் திங்களிதழ் உண்டு, எது இல்லை என்பது தெரியாவிடின் ஆராய்ச்சியாளர்க்குப் பயன் குறைவு. பெயர்ச் சிக்கலும் உண்டு. ஒரே பெண்பாலாசிரியர் ஓரிடத்தில் 'அம்மாள்' என்றும், ஓரிடத்தில் 'அம்மையார்' என்றும், ஓரிடத்தில் முதலெழுத்துகளால் மட்டும் குறிக்கப்பெறுவார். அவர் பட்டியலில் மூவராகப் பிரிந்துவிடுவர்.

எல்லாவற்றையும் மின்வடிவமாக்கிவிட்டால் இம்முயற்சி வேண்டுவதில்லை என்பாரும் உளர். அது பொருந்தாது. எந்நூலகத்திலும் இல்லாத இதழை எக்கருவியும் படியெடுக்காது. பொறுப்பைப் பகுத்துக்கொள்ளாதவிடத்து ஒரே நூலைப் பலர் படியெடுப்பர். அரிய நூல் செல்லரிக்கும்.

இனி, அச்சேறாத வரலாறு ஒன்றுண்டு. யாம் இதனை எழுதும் இடையஞ்சாவடியிலிருந்து வடக்கே சென்றால் மரக்காணத்து உப்பளங்கள். உமணர் மகளிர் உப்பு விற்றதைச் சங்கச் செய்யுட்கள் காட்டுகின்றன; அச்செய்யுட்களுக்கு உரையும் ஆராய்ச்சியும் நிரம்ப உண்டு. இன்று அவ்வுப்பளங்களில் வெயிலில் நின்று உப்பு வாரிச் சுமக்கும் மகளிரின் சொல்லையும் பாட்டையும் கூலிக் கணக்கையும் தேடும் மாணவர்க்கு எந்நூலகத்தின் எப்பகுதியைக் காட்டுவது? இவ்வட்டாரத்தில் கல்வி நிலையங்களுக்குக் குறைவில்லை. 1955-இல் தோன்றிய பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரியில் உள்ளது. 1985-இல் நிறுவப்பெற்ற புதுவைப் பல்கலைக்கழகம் காலாப்பட்டில் உள்ளது. மகளிர் வரலாற்றுக்கெனக் குரலையும் படத்தையும் தொகுக்கலாம் என்பதை 1988-இல் மும்பையில் தோன்றிய ஸ்பாரோ நிறுவனம் செய்து காட்டியுள்ளது.

ஆதலின் யாம் முன்வைப்பன மூன்று. தமிழ்ப் பல்கலைக்கழகங்கள் மகளிர் இதழ்களைத் தமக்குள் பகுத்துக்கொண்டு, திங்கள் வாரியாக இருப்பும் இழப்பும் காட்டும் பட்டியல் அமைத்தல் வேண்டும். பெண்பாலாசிரியரின் பெயர் வேறுபாடுகளைத் தொகுத்துப் பொதுப் பெயரடைவு ஒன்று செய்தல் வேண்டும். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் வட்டாரத்து உழைக்கும் மகளிரின் வாய்மொழியைப் பதிவு செய்து, அதன் படியொன்றைப் பிறிதொரு நூலகத்திலும் வைத்தல் வேண்டும்.

இவை நிறைவேறுங்காறும், தமிழ் மகளிர் இதனை எழுதினாரல்லர், அதனைச் செய்தாரல்லர் என்று கூறும் ஆய்வேடுகளில் 'எமக்குக் கிடைத்த அளவில்' என்னும் தொடர் இடம்பெறுதல் நேர்மையாகும்.